பழைய ஐபாடை இப்போதே மாற்றலாமா, இன்னும் கொஞ்ச நாள் ஓட்டலாமா?

என்னிடம் இருப்பது 2005-இல் வந்த ஐந்தாம் தலைமுறை ஐபாட் (ஆப்பிளின் பாட்டுக் கருவி), 30 ஜிபி. போன மாதம் பாட்டு நடுவில் திக்க ஆரம்பித்ததும் உடனே புதுசு வாங்கக் கை பரபரத்தது. நல்லவேளை, கொஞ்சம் நிதானித்தேன். உங்களுக்கும் அதே குழப்பம் என்றால் இந்த வரிசையில் பாருங்கள். ஒன்று மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஐபாட் வரிசையை ஆப்பிள் 2022 மே மாதத்தோடு நிறுத்திவிட்டது, அதனால் அடுத்த மாடலுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.

படி 1: பேட்டரி. வெள்ளை முன்பக்கமும் பளபளக்கும் ஸ்டீல் முதுகும் சேரும் கோட்டில் நகத்தை ஓட்டிப் பாருங்கள். முன்பு இல்லாத இடைவெளியில் நகம் நுழைகிறதா, முதுகு உப்பியிருக்கிறதா? அப்படியென்றால் பேட்டரி வீங்கிவிட்டது. சார்ஜ் போடாதீர்கள், அழுத்தவோ குத்தவோ கூடாது, பழுது பார்ப்பவரிடம் கொடுத்து பேட்டரியை எடுத்துவிடுங்கள். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் ஒரு நாள்கூடக் காத்திருக்கக் கூடாது.

படி 2: பாட்டுகளைக் காப்பாற்றுங்கள். டிஸ்க் (பாட்டுகளைச் சேமிக்கும், உள்ளே சுழலும் தட்டு) போகப்போகிறது என்றால் அடுத்த படியில் வரும் சோதனைக்கு முன்பே இதைச் செய்துவிட வேண்டும். கணினியில் இணைத்து, மறைந்திருக்கும் கோப்புகளைக் காட்டும்படி அமைத்தால் ஐபாட்_கன்ட்ரோல் என்ற ஃபோல்டர் தெரியும், அதற்குள் மியூசிக். கோப்புகளின் பெயரெல்லாம் அர்த்தமில்லாத நாலு எழுத்தாக இருக்கும், பயப்பட வேண்டாம், பாட்டின் பெயரும் பாடியவர் பெயரும் கோப்புக்குள்ளேயே பதிந்திருக்கும். அப்படியே நகலெடுத்து ஏதாவது பாட்டு மென்பொருளில் போட்டால் பெயர்கள் தானாக வந்துவிடும்.

படி 3: டிஸ்க்கின் உடல்நிலை. மெனுவையும் நடுப் பொத்தானையும் ஒன்றாக, ஆப்பிள் சின்னம் வரும்வரை அழுத்துங்கள். சின்னம் வந்த கணமே விரலை மாற்றி நடுப் பொத்தானையும் பின்னோக்கிப் பொத்தானையும் பிடித்தால் சோதனைத் திரை வரும் (எனக்கு மூன்றாவது முயற்சியில்தான் வந்தது). மேனுவல் டெஸ்ட், ஐஓ, ஹார்ட்டிரைவ், ஸ்மார்ட் டேட்டா என்று உள்ளே போங்கள். அங்கே ரீஅலாக்ஸ் (கெட்டுப்போனதால் மாற்றிவைத்த இடங்கள்), பெண்டிங் செக்டர்ஸ் (கெட்டிருக்கலாம் என்று சந்தேகத்தில் உள்ள இடங்கள்) என்று இரண்டு எண்கள் இருக்கும். இரண்டும் 0 என்றால் டிஸ்க் நலம், தாராளமாகக் காத்திருக்கலாம். நூற்றுக்கணக்கில் இருந்தாலோ, வாரா வாரம் ஏறினாலோ அது தேய்ந்துகொண்டே போகிறது. வெளியே வர மறுபடி மெனுவும் நடுப் பொத்தானும்.

படி 4: சரிசெய்வதா, மாற்றுவதா? டிஸ்க் மட்டும்தான் கெட்டது என்றால் அந்த இடத்தில் எஸ்டி கார்டு பொருத்தும் அடாப்டர் கிடைக்கிறது. நான் அதைத்தான் போட்டேன். திறக்கும்போது பேட்டரி கனெக்டரின் சின்னத் தாழ்ப்பாளை மெதுவாகத் தூக்குங்கள், அது சட்டென்று உடைந்துவிடும். இப்போது சுழலும் பாகமே இல்லாததால் பேட்டரியும் கூடுதல் நேரம் நிற்கிறது.

ஆனால் உங்களுக்கு ப்ளூடூத்தும் ஸ்ட்ரீமிங்கும் வேண்டுமென்றால் பழைய ஐபாடில் காசு போடாதீர்கள், இப்போதே மாற்றுங்கள். 2023-இல் வந்த சோனி வாக்மேன் ஏ306 போன்றவற்றில் ஆண்ட்ராய்டு, மைக்ரோ எஸ்டி, 3.5 மிமீ ஜாக் எல்லாம் உண்டு. ஸ்ட்ரீமிங்குக்காக வாங்கினால் ஆண்ட்ராய்டு பதிப்பைக் கட்டாயம் பாருங்கள், ஏனென்றால் பதிப்பு பழையதாகப் பழையதாக ஆப்கள் ஒவ்வொன்றாகக் கைவிடும், சொந்தக் கோப்புகளை மட்டும் கேட்பவருக்கு அந்தக் கவலையே கிடையாது.

கார்டு அளவுக்கு ஒரு கணக்கு: ஐந்து நிமிடப் பாட்டு 320 கேபிபிஎஸ் எம்பி3-யில் சுமார் 12 எம்பி, தரம் குறையாமல் சுருக்கும் ஃப்ளாக் வடிவத்தில் 30 எம்பியை ஒட்டி வரும். உங்கள் பாட்டுகளின் எண்ணிக்கையால் பெருக்கி, அதற்கு அடுத்த பெரிய அளவை வாங்குங்கள்.