மழலையர் ஆசிரியர் தம் கற்பித்தல் கொள்கையை எழுதுவது எப்படி?

மழலையர் வகுப்புக்கு ஆசிரியராக விண்ணப்பிக்கும்போது, சில பள்ளிகள் சான்றிதழ்களோடு சேர்த்து, "உங்கள் கற்பித்தல் கொள்கையை ஒரு பக்கத்தில் எழுதித் தாருங்கள்" என்றும் கேட்கின்றன. பயிற்சிக் காலத்திலேயே இதை எழுதச் சொல்வதும் உண்டு. அப்படி எழுதப்பட்டவற்றை வாங்கிப் படித்தால் பெரும்பாலானவை ஒரே அச்சில் வார்த்தவை போல இருக்கின்றன: குழந்தை ஒரு மொட்டு, ஆசிரியர் தோட்டக்காரர், வகுப்பறை அன்பு நிறைந்த இடம். இவற்றில் பொய் ஏதும் இல்லை. ஆனாலும், மூன்று வயதிலிருந்து ஐந்து வயதுக்குட்பட்ட இருபது குழந்தைகளோடு காலை ஒன்பது மணி முதல் பகல் உணவு வரை இந்த ஆசிரியர் என்ன செய்வார் என்பதை அந்தப் பக்கத்திலிருந்து யாராலும் தெரிந்துகொள்ள முடியாது. நம்பிக்கையைச் சொல்லும் ஒவ்வொரு வரிக்கும் பின்னால், குழந்தையின் கண்ணுக்குத் தெரியும்படியான ஒரு செயல் வர வேண்டும் என்பதே இந்த எழுத்துக்கு நான் வைக்கும் ஒரே விதி.

எனவே எழுத உட்காருவதற்கு முன் ஒரு வாரம் ஒதுக்குங்கள். குழந்தைகள் வீட்டுக்குப் போன பிறகு, அன்று நடந்தவற்றில் ஒன்றை மட்டும் நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள்: குழந்தை என்ன செய்தது, நான் என்ன செய்தேன், ஏன் அப்படிச் செய்தேன். மூன்றாவது கேள்விக்கு வரும் பதில்களில்தான் உங்கள் கொள்கை இருக்கிறது.

என் நோட்டிலிருந்து ஒன்றைச் சொல்கிறேன். மூன்றரை வயதுப் பையன் ஒருவன் ஜூன் மாதத்தில் சேர்ந்தான். முதல் மூன்று நாட்களும் வாசற்படியைத் தாண்டாமல், அம்மாவின் சேலைத் தலைப்பை விரல்களில் சுற்றிக்கொண்டு அழுதான். நான்காம் நாள் அம்மாவையும் உள்ளே அழைத்துச் சுவரோரம் உட்கார வைத்தேன். அவன் எட்டிப் பிடிக்கும் தூரத்தில் ஒரு சொப்புப் பானையையும் முறத்தில் கொஞ்சம் புளியங்கொட்டையையும் வைத்துவிட்டு, மற்ற குழந்தைகளிடம் போய்விட்டேன். அரை மணி நேரம் கழித்துப் பார்த்தபோது அவன் ஒவ்வொரு கொட்டையாக எடுத்துப் பானைக்குள் போட்டு, விழும் ஓசையைத் தலை சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தான். சேலைத் தலைப்பு அவன் கையில் இல்லை. இந்த அனுபவத்திலிருந்து "அன்பான சூழலை உருவாக்குவேன்" என்ற வரியை எழுதினால் அந்தப் பையன் காணாமல் போய்விடுவான். "புதிதாகச் சேரும் குழந்தையை அழ அழ இழுத்துச் சென்று உட்கார வைக்க மாட்டேன், அதன் கைக்கு எட்டும் இடத்தில் ஒரு வேலையை வைத்துவிட்டு, அது தானாக என்னிடம் வரும்வரை வீட்டார் ஒருவரை வகுப்பில் இருக்க விடுவேன்" என்று எழுதினால், படிப்பவருக்கு உங்களையும் தெரியும், உங்கள் வகுப்பையும் தெரியும்.

அடுத்து, நம் ஊரில் எந்த மழலையர் ஆசிரியரும் தவிர்க்க முடியாத கேள்வி எழுத்தைப் பற்றியது. விஜயதசமியன்று தாம்பாளத்தில் பரப்பிய அரிசியில் குழந்தையின் விரலைப் பிடித்து "அ" எழுத வைத்த பெற்றோர், தீபாவளி முடிவதற்குள், "இன்னும் பென்சில் பிடிக்க வைக்கலையா மிஸ்?" என்று கேட்பார்கள். அவர்கள் கேட்பதில் தவறில்லை. பிள்ளையின் படிப்புக்காகக் கையைக் கடிக்கும் அளவுக்குச் செலவு செய்பவர்கள் அவர்கள். அவர்களுக்கு என்ன பதில் சொல்வீர்கள் என்பதை உங்கள் கொள்கைக் குறிப்பு காரணத்தோடு சொல்ல வேண்டும். என் பதில் உடலிலிருந்து தொடங்குகிறது. மணிக்கட்டில் இருக்கும் எட்டு எலும்புகளும் பிறக்கும்போது குருத்தெலும்பாகவே இருந்து, ஆண்டுக்கணக்கில் ஒவ்வொன்றாக இறுகுகின்றன. மூன்று வயதில் அவற்றில் சிலவே எலும்பாகியிருக்கும். விரல்களின் சிறு தசைகளும் அப்போதுதான் வலுப்பெறத் தொடங்குகின்றன. அந்தக் கைக்குத் தேவை மாவு பிசைவதும், பட்டாணி உரிப்பதும், மணி கோப்பதும், ஈர மணலில் கோடு இழுப்பதும்தான். நான்கு கோடு நோட்டில் பக்கம் பக்கமாக எழுதப் பணித்தால் எழுத்தின் மீது வெறுப்பு வருமே தவிர, கை முதிராது.

இதற்காக எழுத்தே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. தமிழில் 247 எழுத்துகள் இருக்கின்றன. அகரத்தில் தொடங்கி வரிசையாகப் போனால், "அ"வின் சுழியும் "இ"யின் வளைவும் முதல் நாளிலேயே குழந்தையை மலைக்க வைக்கும். ட என்பது இரண்டே கோடு. ப மூன்று கோடு. ம அதோடு ஒரு வளைவு. இந்த மூன்றையும் புள்ளியையும் அறிந்த குழந்தை படம், பட்டம், மடம், மட்டம் என்று சொற்களாகவே படித்துவிடுகிறது. ஐந்து வயதுப் பெண் ஒருத்தி "பட்டம்" என்று தானே எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, ஜன்னலுக்கு வெளியே வானத்தைப் பார்த்தாள். எழுத்து பொருளாக மாறிய அந்த நொடிக்காகத்தான் இந்த வரிசையை நான் பின்பற்றுகிறேன் என்று என் குறிப்பில் எழுதியிருக்கிறேன். நீங்கள் வேறு வரிசையில் கற்பிக்கலாம். ஏன் என்று சொல்லத் தெரிந்திருந்தால் போதும்.

அறிஞர் பெயர்களைப் பற்றி ஒரு சொல். ஜெர்மனியில் 1837இல் சிறுவர்க்கான விளையாட்டுப் பள்ளியைத் தொடங்கிய ஃப்ரோபெல், ரோமில் 1907இல் ஏழைத் தொழிலாளர் குடியிருப்பில் குழந்தைகள் இல்லத்தைத் திறந்த மரியா மாண்டிசோரி, பாவ்நகரில் 1920இல் பால மந்திர் தொடங்கிய கிஜுபாய் பதேகா ஆகியோரைப் பயிற்சியில் நாம் எல்லோரும் படிக்கிறோம். மாண்டிசோரி 1939இல் நம் அடையாறுக்கே வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தவர். போர்க்காலத்தில் கொடைக்கானலிலும் தங்கியிருந்தார். இத்தனை அருகில் வந்துபோனவர் என்பது எனக்கு இன்றும் சிலிர்ப்பைத் தருகிறது. ஆனால் பெயரைச் சொல்வதற்கு ஒரு தகுதி வேண்டும்: அவரிடமிருந்து வந்த ஏதோ ஒன்று உங்கள் வகுப்பில் நாள்தோறும் புழங்க வேண்டும். உப்புத்தாளில் வெட்டி ஒட்டிய எழுத்தைக் குழந்தைகள் விரலால் தடவிப் பழகுகிறார்கள் என்றால் மாண்டிசோரியைக் குறிப்பிடுங்கள். இல்லாவிட்டால் அந்த இடத்தில் உங்கள் பல்லாங்குழியைப் பற்றி எழுதுங்கள். ஒரு குழிக்கு ஒரு முத்து என்று போட்டுக்கொண்டே போகும் குழந்தை, ஒன்றுக்கு ஒன்று பொருத்தி எண்ணுவதைக் கற்கிறது. ஒன்று முதல் நூறு வரை ஒப்பிப்பதற்கு முன்னால் வர வேண்டிய கணக்கு அதுதான். தேசியக் கல்விக் கொள்கை 2020, அதை ஒட்டி 2022இல் வந்த, மூன்று முதல் எட்டு வயது வரைக்கான அடித்தளப் பருவக் கலைத்திட்டம் போன்ற ஆவணங்களுக்கும் இதே அளவுகோல் பொருந்தும்.

வீட்டுமொழியைப் பற்றி ஒரு பத்தியாவது எழுதுங்கள். ஓசூரில் தெலுங்கோ கன்னடமோ பேசும் குழந்தை வரும். மதுரையில் சௌராஷ்டிரம் பேசும் குழந்தை வரும். திருப்பூரில் பின்னலாடை வேலைக்கு வந்த குடும்பத்தின் ஒடியாக் குழந்தை வரும். "தண்ணீர் வேண்டும்", "வலிக்கிறது", "அம்மா வருவாள்" ஆகிய மூன்றையும் அந்தக் குழந்தையின் மொழியில் சொல்லக் கற்றுக்கொள்வேன் என்று ஓர் ஆசிரியர் எழுதினால், எனக்கு அந்த ஒரு வரியே போதும். அடிப்பதும் குழந்தையின் மனம் நோகச் செய்வதும் சட்டம் தடை செய்தவை. ஆகவே "அடிக்க மாட்டேன்" என்பதைக் கொள்கையாக எழுத வேண்டியதில்லை. ஒரு குழந்தை மற்றொன்றைக் கடித்துவிட்டால், முதலில் யாரிடம் போவீர்கள், என்ன சொல்வீர்கள் என்பதை எழுதுங்கள்.

வடிவத்தைப் பொறுத்தவரை, ஒன்று அல்லது ஒன்றரைப் பக்கம் போதும். "நான்" என்று தன்மையில் எழுதுங்கள். "முழுமையான வளர்ச்சி", "குழந்தை மையக் கல்வி" போன்ற சொற்கள் வந்துவிட்டால், அடுத்த வரியில் ஒரு செயலைச் சொல்லி அதற்கு உயிர் கொடுங்கள், முடியாவிட்டால் எடுத்துவிடுங்கள். இதுவரை உங்களுக்குக் கைவராத ஒன்றையும் மறைக்காமல் குறிப்பிடலாம். பேசவே பேசாத குழந்தையிடம் எவ்வளவு நாள் பொறுத்திருப்பது, எப்போது மருத்துவரைப் பார்க்கச் சொல்வது என்பதில் எனக்கு இன்றும் தயக்கம் உண்டு. அதை என் குறிப்பில் அப்படியே எழுதியிருக்கிறேன்.

எழுதி முடித்ததும், உங்களுடன் அதே வகுப்பில் வேலை செய்யும் ஆயாம்மாவிடம் படித்துக் காட்டுங்கள். நீங்கள் களைத்திருக்கும் நாளையும், பொறுமை இழந்த நாளையும் பக்கத்தில் இருந்து பார்த்தவர் அவர். "இதை நாம செய்யறதில்லையே டீச்சர்" என்று அவர் சொல்லும் வரியை அடித்துவிட்டு, அல்லது அடுத்த வாரத்திலிருந்து அதைச் செய்யத் தொடங்கிவிட்டு, தாளின் கீழே தேதியைப் போடுங்கள்.