வேளாங்கண்ணிக்குப் போகிறவர்கள் செய்யும் தவறுகள்

முதல் தவறு தேதியில்தான். ஆகஸ்ட் 29 கொடியேற்றம், செப்டம்பர் 7 இரவு பெரிய தேர், 8 மாதா பிறந்தநாள். "எட்டாம் தேதி போனால் போதும்" என்று கிளம்புகிறவர்கள், மாலையில் கொடி இறங்கியதும் ஊரே ஒன்றாகக் கிளம்பும்போது பஸ்ஸுக்கு அல்லாடுகிறார்கள். தேர் பார்க்கும் ஆசை இருந்தால் 6ஆம் தேதியே போய்விடுங்கள். மாதாவைப் பார்ப்பது மட்டும்தான் நோக்கம் என்றால் திருவிழா நாளே வேண்டாம். சாதாரண செவ்வாயோ புதனோ போதும். சனிக்கிழமை மாதாவுக்கு உகந்த நாள் என்பதால் வாரக் கடைசியில் எப்படியும் கூட்டம்தான்.

அடுத்தது அறை. பஸ்ஸை விட்டு இறங்கியதுமே "ரூம் வேணுமாண்ணே, கோயில் ரூம்தான்" என்று யாராவது பையைப் பிடித்தால் கொடுத்துவிடாதீர்கள். பேராலயத்துக்குச் சொந்தமாகவே விடுதிகள் உண்டு. அலுவலகத்தில் நேராகக் கேட்கலாம், இடையில் ஆள் எதற்கு? இடம் இல்லையென்றால் 10, 12 கி.மீ. தள்ளியிருக்கும் நாகப்பட்டினத்தில் தங்கலாம். ரயிலுக்கும் இதே கணக்குதான். 2010இல் வேளாங்கண்ணிக்கே பாதை வந்துவிட்டது என்றாலும் நாகப்பட்டினத்துக்குத்தான் வண்டிகள் அதிகம். வேளாங்கண்ணிக்கு டிக்கெட் கிடைக்கவில்லை என்று பயணத்தையே தள்ளிப்போடுகிறவர்களை என்ன சொல்ல!

முழந்தாளிட்டுப் போகும் வேண்டுதலைப் பலர் சாப்பிட்டு, கடைத்தெரு சுற்றிவிட்டு, உச்சி வெயிலில் தொடங்குகிறார்கள். மாதா குளத்துப் பக்கமுள்ள அந்த மணல் பாதை அப்போது கொதிக்கும். பாதி வழியில் எழுந்து நிற்க மனம் வராது, தொடரவும் முடியாது. முழங்காலில் துண்டைச் சுற்றிக்கொண்டு விடியலிலேயே முடித்துவிடும் பாட்டிகள்தான் விவரமானவர்கள்.

மொட்டை போட்ட கையோடு கடலுக்கு ஓடுவது இன்னொன்று. கத்தி பட்ட தலையில் உப்புத் தண்ணீர் எரியும். குழந்தை என்றால் கேட்கவே வேண்டாம், ஊரைக் கூட்டிவிடும். குழாய்த் தண்ணீரில் குளிப்பாட்டுங்கள். 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி இந்தக் கரையில் நின்ற திருப்பயணிகள் பலரை வாரிக்கொண்டு போனது. அப்படியொரு நாள் அபூர்வம்தான். ஆனால் காலை இழுக்கும் அலை தினமும் உண்டு. கணுக்கால் நனைத்தால் போதும்.

பூசைக்கு மொழிக்கொரு நேரம்: தமிழ், மலையாளம், ஆங்கிலம், இந்தி என்று. இடமும் ஒன்றல்ல, மேல்கோயில், கீழ்க்கோயில், விண்மீன் ஆலயம் எனப் பிரிந்திருக்கும். முந்தின இரவே விசாரித்து வையுங்கள். காலையில் செருப்பைக் கையில் பிடித்தபடி ஒவ்வொரு வாசலாக எட்டிப் பார்த்து வந்து சேரும்போது சாமியார் பாதிப் பிரசங்கத்தைத் தாண்டியிருப்பார்.