ஜெர்மன் சிப்பாய்களின் இறப்பு நினைவு அட்டைகள்: சேகரிக்கத் தொடங்குவது எப்படி?

தெற்கு ஜெர்மனியின் பவேரியா, ஆஸ்திரியா பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பங்கள் இறந்தவருக்காக அச்சிட்டுக் கொடுத்த சிறு அட்டைதான் ஸ்டெர்பெபில்ட். ஒரு பக்கம் இயேசுவோ மாதாவோ, மறுபக்கம் சிப்பாயின் படம், பெயர், படைப்பிரிவு, இறந்த தேதி. முதல் உலகப்போர் அட்டைகளில் தொடங்குங்கள். இரண்டாம் உலகப்போரின் எஸ்எஸ் (நாஜிக் கட்சியின் ஆயுதப்படை), பாராசூட் படை அட்டைகளுக்கு விலை அதிகம். போலிகளும் அங்கேதான் அதிகம்.

வாங்கும்போது 10 மடங்கு லென்ஸ் கட்டாயம். அசலில் படம் பெரும்பாலும் ஒழுங்கான புள்ளி வரிசையாகத் தெரியும். சிலவற்றில் நிஜப் புகைப்படமே ஒட்டியிருக்கும். வண்ணப் புள்ளிகள் தாறுமாறாகச் சிதறியிருந்தால் இன்க்ஜெட் நகல். புற ஊதா டார்ச்சில் காகிதம் பளீரென நீலமாக ஒளிர்ந்தாலும் வாங்காதீர்கள்: அப்படி ஒளிரவைக்கும் வெண்மையூட்டி ரசாயனம் காகிதத்தில் பரவலானது 1945க்குப் பிறகு. ஒளிரவில்லை என்பதற்காக மட்டும் அசல் என்று நம்பிவிடவும் வேண்டாம்.

பலரும் சறுக்குவது ஃப்ராக்டூர் என்ற பழைய ஜெர்மன் அச்செழுத்தில். சொல்லின் முதலிலும் நடுவிலும் வரும் நீண்ட 'எஸ்', 'எஃப்' போலவே இருக்கும். குறுக்குக்கோடு தண்டைத் தாண்டி வலப்பக்கம் நீண்டால் 'எஃப்'. இடப்பக்கத்தோடு நின்றாலோ கோடே இல்லாவிட்டாலோ 'எஸ்'. பெரிய 'ஐ', 'ஜே' இரண்டுக்கும் ஒரே வடிவம். அதனால் 'ஜே.ஆர்.' என்று தெரிவது 'ஐ.ஆர்.', அதாவது காலாட்படை ரெஜிமெண்ட். முன்னால் இன்னொரு 'ஆர்.' இருந்தால் ரிசர்வ் ரெஜிமெண்ட். அது வேறு படைப்பிரிவு. இதைத் தவறவிட்டால் தேடல் முழுக்கத் தவறான ஆள்மீது போய்விடும்.

பெயர் உறுதியானதும் ஜெர்மன் போர்க் கல்லறைகளைப் பராமரிக்கும் ஃபோல்க்ஸ்பண்ட் அமைப்பின் இணையக் கல்லறைத் தேடலிலும், முதல் போரின் இழப்புப் பட்டியல்களிலும் தேடுங்கள். பட்டியலில் உள்ள தேதி அது வெளியான நாள், இறந்த நாள் அல்ல. அட்டையிலுள்ள தேதியிலிருந்து பல மாதங்கள் தள்ளியும் பாருங்கள். ஒரே பெயரில் பலர் இருந்தால் சொந்த ஊர்தான் கைகொடுக்கும். கல்லறை இடம் அட்டையோடு பொருந்தாவிட்டால் கவலை வேண்டாம். பெல்ஜியத்தில் சிதறிக் கிடந்த ஜெர்மன் கல்லறைகள் 1950களில் லாங்கமார்க், ஃப்ளாட்ஸ்லோ போன்ற சில மயானங்களுக்கு மாற்றப்பட்டன. அன்றைய ஜெர்மனியின் மிகப் பெரிய மாநிலமான பிரஷ்யாவின் படை ஆவணங்களில் பெரும்பகுதி 1945இல் போட்ஸ்டாமில் எரிந்துபோனது. பவேரியாவுடையவை மியூனிக் போர் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. ஆகவே என் பரிந்துரை பவேரிய அட்டைகளே.

இரு பக்கமும் 600 டிபிஐயில் ஸ்கேன் செய்து, பாலியெஸ்டர் உறையில் வையுங்கள். பிவிசி உறை மை மேல் ஒட்டிக்கொள்ளும். லாமினேஷன், செல்லோடேப் கூடவே கூடாது. ஆல்பத்தில் ஒட்டிய அட்டையைத் தண்ணீரில் ஊறவைத்துப் பிரிக்காதீர்கள், மேலே ஒட்டிய புகைப்படமும் கழன்றுவிடும். ஆல்பத் தாளையே சுற்றி வெட்டி எடுங்கள்.

பின்சேர்க்கை: இரண்டாம் உலகப்போர் அட்டைகள் சிலவற்றில் நாஜிகளின் ஸ்வஸ்திகா சின்னம் இருக்கும். ஜெர்மனியில் அதைப் பொதுவில் காட்டுவது குற்றவியல் சட்டம் 86ஏ பிரிவின்கீழ் குற்றம். ஆய்வு, கல்வி, கலை போன்றவற்றுக்கு விலக்கு உண்டு. விற்பனைக்குப் படம் ஏற்றும்போது சின்னத்தை மறைத்துவிடுங்கள்; அட்டையில் உள்ளதை அழிக்கவோ மறைக்கவோ வேண்டாம்.