நள்ளிரவு அழைப்பு ஆள் இருக்கும் இடத்தில் ஒலிக்க: தோட்டத்து பி.பி.எக்ஸ். அமைக்கும் முறை

இலங்கையில் ஹட்டன், நுவரெலியா பக்கத்துத் தோட்ட அலுவலகங்களிலும் தேயிலைத் தொழிற்சாலைகளிலும் பி.பி.எக்ஸ்., அதாவது உள் தொலைபேசிகளை ஒன்றோடொன்றும் வெளி இணைப்போடும் சேர்க்கும் பெட்டி, பொருத்துவது என் தொழில். பெரும்பாலும் அழைப்புகளைக் கையாள ஆஸ்டரிஸ்க் மென்பொருள்; அதை அமைக்க அதன்மேல் ஃப்ரீபிபிஎக்ஸ் திரை. ஆனால் கணினியைத் தொடும் முன் ஒரு தாளை எடுங்கள். பெரிய தொரை (தோட்ட முகாமையாளர்), கிளாக்கர், டீமேக்கர் (தொழிற்சாலைப் பொறுப்பாளர்), டிஸ்பென்சரி, கொழுந்து நிறுக்கும் மடுவம், வாச்சர் (காவலாளி) என்று தொலைபேசி இருக்கும் இடங்களை எழுதி, எந்த நேரத்தில் எங்கே ஆள் இருப்பார் என்று எதிரே குறியுங்கள். அலுவலகத்தில் உட்கார்ந்து விசாரித்தால் போதாது. தொழிற்சாலைக்குள் இறங்கிப் பாருங்கள். கொழுந்தை உருட்டும் ரோலர்கள் ஓடும்போது அங்கே சாதாரண மணி யார் காதிலும் விழாது.

உள் எண்களுக்கு மூன்று இலக்கம் போதும். 1இல் தொடங்கவே கூடாது. 119 பொலிஸ், 110 தீயணைப்பு, 117 அனர்த்த முகாமைத்துவ நிலையம், 1990 சுவசெரிய அம்பியூலன்ஸ். மடுவத்துக்கு 119 என்று எண் கொடுத்தால், பொலிஸை அழைப்பவருக்குக் கொழுந்து நிறுப்பவர்தான் பதில் சொல்வார். 0இலும் தொடங்காதீர்கள், வெளி எண்கள் எல்லாம் அதில்தான் தொடங்குகின்றன. 2ஐயும் விட்டுவிடுங்கள், நம் பகுதியின் பல நிலையான இணைப்புகள் இடக்குறியீட்டுக்குப் பிறகு 2இல் தொடங்குகின்றன. நான் 600இலிருந்து கொடுப்பேன்.

எந்த எண் வெளியே போகலாம் என்று சொல்லும் வெளியழைப்பு விதிகளில் எக்ஸ் என்றால் 0 முதல் 9 வரை எந்த இலக்கமும், இசட் என்றால் 1 முதல் 9 வரை. 0, இசட், அதன்பின் எட்டு எக்ஸ் என்ற ஒரே விதி நாட்டுக்குள் உள்ள பத்து இலக்க எண்கள் அனைத்துக்கும் போதும், கைத்தொலைபேசியும் இதில் அடங்கும். இரண்டாம் இடத்தில் இசட் இருப்பதால் 00 என்று தொடங்கும் வெளிநாட்டு அழைப்பு இதற்குள் நுழையாது. இடக்குறியீடு இல்லாமல் ஏழு இலக்கம் அழுத்திப் பழகிய கிளாக்கர் இருந்தால், 2 உடன் ஆறு எக்ஸ் என்று ஒரு விதி எழுதி, முன்னால் ஹட்டனில் 051, நுவரெலியாவில் 052 சேர்க்கச் சொல்லுங்கள்.

விதியில் எந்த இலக்கங்களையும் ஏற்கும் வெறும் புள்ளியைப் போட்டு எதை அழுத்தினாலும் போகட்டும் என்று விட்டுச் செல்பவர்கள்மேல் எனக்குக் கோபம் உண்டு. ஓர் உள் எண்ணின் கடவுச்சொல் களவு போனால், இரவு முழுவதும் அதிகக் கட்டணம் வாங்கும் வெளிநாட்டு எண்களுக்கு அழைப்புப் போகும். பில் தோட்டத்தின் தலையில் விழும். 00க்குத் தனி விதி வையுங்கள்: இரகசிய எண் கேட்க வேண்டும், அலுவலக நேரத்தில் மட்டும் திறக்க வேண்டும்.

அவசர எண்களின் விதி எல்லாவற்றுக்கும் மேலே இருக்கட்டும். அதற்கு இரகசிய எண்ணும் கூடாது, நேரப் பூட்டும் கூடாது. வெளியே போக 9 அழுத்தும் பழக்கம் உள்ள இடமானால் 119ஐப் போல 9119உம் போக வேண்டும். பதற்றத்தில் எதை அழுத்துவார்கள் என்று சொல்ல முடியாது. சோதிப்பதற்காகப் பொலிஸை அழைக்காதீர்கள். ஆஸ்டரிஸ்க்கின் கட்டளைத் திரையில் எண்ணைக் கொடுத்தால் அது எந்த விதியில் விழும் என்று காட்டிவிடும்.

உள்ளே வரும் அழைப்புகளில் பகல் எளிது: கிளாக்கருக்கு, அவர் எடுக்காவிட்டால் உதவிக் கிளாக்கருக்கு. இரவுக்குத்தான் நிறைய யோசிக்க வேண்டும். அலுவலகம் பூட்டிக் கிடக்கும், ஆனால் தொழிற்சாலையில் கொழுந்தை வாட்டும் வேலை நடக்கும், தொழிலாளர் குடியிருக்கும் லயங்களில் நோயாளிகள் இருப்பார்கள், மழைக்காலத்தில் மேலே மலை இருக்கும். 2014 அக்டோபர் 29இல் மீரியபெத்தைத் தோட்டத்தில் லயங்கள்மேல் மண் சரிந்ததை அறிந்தவர்கள், பூட்டிய அறையில் மணி ஒலித்துக்கொண்டிருப்பதைச் சிறு குறை என்று சொல்லமாட்டார்கள். ஆகவே இரவு அழைப்பு முதலில் வாச்சரிடமும் டீமேக்கரிடமும் ஒரே நேரத்தில் ஒலிக்கட்டும். தொழிற்சாலைக்குள் மணியோடு மின்னும் விளக்கும் வையுங்கள். இருபது வினாடியில் யாரும் எடுக்காவிட்டால் சின்னத் தொரையின் (உதவி முகாமையாளரின்) கைத்தொலைபேசிக்குப் போகட்டும்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. பள்ளத்தில் சிக்னல் இல்லாதபோது குரலஞ்சல் எடுத்துக்கொள்ளும். யாரோ பேசுகிறார்கள் என்று பி.பி.எக்ஸ். எண்ணிக்கொண்டு அடுத்த எண்ணுக்குப் போகாது. பல தொலைபேசிகளைச் சேர்த்து ஒலிக்கவைக்கும் ரிங் குரூப்பில் அழைப்பை உறுதிசெய்யும் வசதியை இயக்குங்கள். எடுப்பவர் 1ஐ அழுத்தினால்தான் இணைப்புக் கிடைக்கும். குரலஞ்சலுக்கு விரல் கிடையாது.

பகல் வழி, இரவு வழி எப்போது திறக்கும் என்ற நேர விதிகளை எழுதும் முன் பி.பி.எக்ஸ். பெட்டியின் நேர வலயம் கொழும்பு நேரமா என்று பாருங்கள். வேறு வலயத்தில் இருந்தால் பகலில் இரவு வழி திறக்கும். போயா தினங்கள் ஒவ்வோர் ஆண்டும் வேறு தேதிகளில் வருவதால், தைப்பொங்கல், தீபாவளியோடு அவற்றையும் ஜனவரிக்கு முன்பே விடுமுறைப் பட்டியலில் ஏற்றுங்கள்.

இடியும் மின்வெட்டும் நமக்குப் புதிதல்ல. பெட்டிக்கும் ரவுட்டருக்கும் சேர்த்து யு.பி.எஸ். கொடுங்கள். கடைசியாக அமைப்பின் நகலை எடுத்து, கடவுச்சொல்லோடு உறையில் இட்டுத் தோட்ட அலுவலகத்திலேயே ஒப்படையுங்கள், உங்கள் கணினியில் மட்டும் வைத்துக்கொள்ளாதீர்கள்.