சஸ்பென்ஷன் வேலைக்குப் பிறகு ஏபிஎஸ் லைட்: சென்சார் வாங்க ஓடுவதற்கு முன்

எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரிகளோடு மல்லுக்கட்டி ஓடும் கார்களுக்கு லோயர் ஆர்ம், பால் ஜாயின்ட், வீல் பேரிங் எல்லாம் மளிகைச் செலவு மாதிரி, வந்துகொண்டே இருக்கும். அதனால் தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் ஷெட்டுகளில் சஸ்பென்ஷன் வேலைக்குப் பஞ்சமே இல்லை. வேலை முடிந்து வண்டி தெருமுனை தாண்டுவதற்குள் ஏபிஎஸ் (பிரேக் அழுத்தும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) லைட் எரியும். ஸ்கேனரை மாட்டினால் பல வண்டிகளில் சி 0035 என்ற கோட் வரும், அதாவது இடது முன் சக்கர வேக சென்சார். தொழிலுக்குப் புதிதாக வந்த பையன் உடனே சென்சார் வாங்க பைக்கை எடுத்துக்கொண்டு, உதிரிபாகக் கடைகள் இருக்கும் ஜி.பி. ரோட்டுக்குக் கிளம்பிவிடுவான். நாங்கள் தொழில் பழகிய காலத்துக் கூத்தேதான், ஆள் மட்டும் வேறு.

கப்ளர் மாட்ட மறந்தது, ஒயர் கண்ணெதிரே அறுந்து தொங்குவது போன்றவற்றை இங்கே எழுதப் போவதில்லை. அது யாருக்கும் தெரியும்.

கோட் வந்ததும் சென்சாரை மாற்றுவது

நேற்று வரை ஒழுங்காக இருந்த சென்சார், நாம் கை வைத்த அன்றைக்கே தானாகச் செத்துப்போவது அபூர்வம். நாம் எதைத் தொட்டோமோ அதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். அதற்கும் முன்னால், லைட் எப்போது எரிகிறது என்று கவனியுங்கள். சாவி போட்டதிலிருந்தே, வண்டி நின்றபடியே எரிந்தால் ஒயர், கப்ளர், சென்சார் என்று கரன்ட் பக்கம் தேடலாம். சாவி போட்டதும் வழக்கம்போல எரிந்து அணைந்து, வண்டி கொஞ்சம் உருண்ட பிறகு மறுபடி எரிந்தால், சென்சாருக்கு எதிரே சுற்ற வேண்டிய வளையத்தைச் சந்தேகப்படுங்கள்.

பேரிங்கைத் திருப்பி ஏற்றுவது

இதைப் பார்த்தால் இன்னமும் எரிச்சல் வருகிறது.

இப்போதைய கார்கள் பலவற்றில் பல்லுள்ள இரும்பு வளையம் கிடையாது. பேரிங்கின் ஒரு பக்கத்து சீலிலேயே காந்த வளையம் இருக்கும். வடக்கு, தெற்கு என்று மாறி மாறிக் காந்தம் ஏற்றிய, பல் இல்லாத வழவழப்பான கறுப்பு முகம். பார்த்தால் சாதாரண ரப்பர் சீல் போலத்தான் தெரியும். அந்த முகம் சென்சார் இருக்கும் பக்கம் வர வேண்டும். திருப்பி ஏற்றினாலும் பேரிங் கச்சிதமாக உட்காரும், சக்கரம் சத்தமில்லாமல் சுற்றும். ஸ்கேனரில் மட்டும் மூன்று சக்கரம் 30 கிலோமீட்டர் வேகம் காட்டும்போது நான்காவது பூஜ்யத்தில் நிற்கும்.

எங்கள் பக்கத்து ஷெட்டில் ஒரு கால் டாக்சி இப்படித்தான் மாட்டிக்கொண்டது. பையன் புது சென்சார் போட்டான். லைட் போகவில்லை. மட்டமான சென்சாராக இருக்கும் என்று விலை கூடிய இன்னொன்றைப் போட்டான். அப்புறம் யாரோ சொன்னார்கள் என்று ஏபிஎஸ் யூனிட்டுக்கே விலை கேட்டு வைத்திருந்தான். டாக்சி ஓட்டுகிறவரோ வாடகைக்குப் போக முடியாமல் வாசலிலேயே உட்கார்ந்திருந்தார்.

"தம்பி, பேரிங்கை எந்தப் பக்கமா ஏத்தின?"

"நான் ஏத்தலண்ணா, லேத்துல குடுத்து ஏத்திக்கினு வந்தேன்."

இதுதான் விஷயம். நக்கிளை (பேரிங் உட்காரும் இரும்பு பாகம்) லேத் பட்டறையில் கொடுத்து பிரஸ்ஸில் ஏற்றி வாங்குகிறோம். பட்டறைக்காரருக்கு அது வெறும் பேரிங். எந்த முகம் எந்தப் பக்கம் என்று மார்க்கர் பேனாவால் எழுதிக் கொடுப்பது நம் வேலை. ஒரு குண்டூசியை நூலில் கட்டி இரண்டு முகத்துக்கும் அருகே காட்டினால் போதும், காந்த வளையம் உள்ள பக்கம் ஊசியை இழுக்கும். இரண்டு பக்கமும் இழுக்கவில்லை என்றால் கடைக்காரர் ஏபிஎஸ் இல்லாத மாடலின் பேரிங்கைக் கொடுத்திருக்கலாம். அளவு ஒன்றாகவே இருப்பதால் கையில் வாங்கும்போது தெரியாது.

பட்டறை மேஜையில் இரும்புத் தூள் இல்லாத இடமே இருக்காது. பேரிங்கை அதன்மேல் வைத்தால் வளையம் பூராவும் தூள் ஒட்டிக்கொள்ளும், ரீடிங் தாறுமாறாகும். போல்ட் போட்டு வைக்கும் காந்தத் தட்டிலும் வைக்கக் கூடாது. சுத்தியலால் தட்டி ஏற்றினால் வளையமே கீறிவிடும்.

திருப்பி ஏற்றியதைக் கழற்றிச் சரியாகப் போட்டுவிடலாம் என்றால் அதுவும் முடியாது. பிரஸ்ஸில் பிதுக்கி எடுக்கும்போது விசை முழுக்க பேரிங்கின் பால்கள் (குண்டுகள்) வழியாகப் போய் உள்ளே தழும்பு விழுந்துவிடும். புது பேரிங், புது கூலி. அந்த டாக்சிக்கும் அதுதான் ஆனது. வேண்டாத சென்சார்களைக் கடையில் திருப்பி எடுத்துக்கொள்ளவும் இல்லை.

இரண்டு ஒயர்தானே என்று ஓம்ஸ் பார்ப்பது

பழைய காயில் (கம்பிச் சுருள்) வகை சென்சாரில் மீட்டர் வைத்தால் பெரும்பாலும் 1000 ஓம்ஸை ஒட்டி ஏதாவது காட்டும். புது வகையிலும் இரண்டு ஒயர்தான், ஆனால் உள்ளே ஐசி (சின்ன மின்னணு சிப்) இருக்கிறது; 7, 14 மில்லி ஆம்பியர் என்று கரன்ட் மாறுவதுதான் சிக்னல். அதில் ஓம்ஸ் பார்த்து நல்லது கெட்டது சொல்ல முடியாது. கப்ளரைக் கழற்றி, சாவி போட்டு, வண்டிப் பக்கத்திலிருந்து வோல்டேஜ் வருகிறதா என்று பாருங்கள். பேட்டரியிலிருந்து நேராக 12 வோல்ட் கொடுத்து சோதித்தால் நல்ல சென்சாரும் கருகிவிடலாம்.

ஒயரை பிராக்கெட்டில் மாட்டாமல் விடுவது

ஸ்ட்ரட் மாற்றியபோது சென்சார் ஒயரின் ரப்பரை பிராக்கெட்டில் திரும்ப அழுத்தவில்லை என்றால், நேராக ஓடும்போது ஒன்றும் தெரியாது. ஸ்டியரிங்கை முழுசாக ஒடித்தால் ஒயர் இழுபடும், இல்லை டயரில் உரசும். உள்ளே செம்பு அறுந்து மேலுறை மட்டும் முழுசாக நிற்கும். ஸ்கேனரில் லைவ் டேட்டாவைப் (அந்த நேரத்துச் சக்கர வேகங்களை) பார்த்தபடி ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் ஒடித்து மெதுவாக ஓட்டிப் பாருங்கள்.

துரு

காசிமேடு, திருவொற்றியூர் உப்புக் காற்றில் நிற்கும் வண்டி என்றால் சென்சார் உட்காரும் குழியில் துரு பொருக்குத் தட்டியிருக்கும். அதைச் சுரண்டாமல் மாட்டினால் சென்சார் ஒரு நூல் தூக்கி நிற்கும். கோடே வராமல், சிக்னலில் மெதுவாக நிற்கும்போது மட்டும் பிரேக் பெடல் காலடியில் தடதடக்கும். பிடித்துக்கொண்ட சென்சாரைக் குறடு போட்டு இழுத்தால் தலை மட்டும் கையோடு வரும். முடிந்தால் கப்ளரைக் கழற்றிவிட்டு சென்சாரை நக்கிளோடே விட்டுவிடுங்கள்.

ஜாக்கியில் ஏற்றி கியர் போட்டுப் பார்ப்பது

முன் சக்கரம் சுற்றும், பின் சக்கரம் நிற்கும். கோட் வராமல் என்ன செய்யும்? அழித்துவிட்டு ரோட்டில் ஓட்டிப் பாருங்கள்.