ஷைன் மஸ்கட்: கத்தரி பிடிக்கும் கையில் தாட்சண்யம் வேண்டாம்

மே கடைசியில் ஜப்பானின் யமனாஷியில் ஷைன் மஸ்கட் என்ற பச்சைத் திராட்சை ரகம் விளையும் பந்தல்களுக்குப் புது ஆட்கள் வருவார்கள். தண்ணீர், மருந்து, மழை மறைப்பு இதிலெல்லாம் யாரும் பெரிதாகச் சறுக்குவதில்லை. நாங்கள் புதிதில் செய்து நஷ்டப்பட்ட தவறுகளை அப்படியே திரும்பச் செய்கிறார்கள் என்பதுதான் வருத்தம்.

பூங்கொத்தைக் குறைக்கத் தயங்குவது

நுனியில் 4 செ.மீ. போதும். மற்றதை எடுத்துவிடுங்கள்.

காய் கழிக்க மனசு வராதது

இதைப் பார்த்தால் எனக்கு இன்றும் ஆத்திரம் வரும். காய் பட்டாணி அளவில் இருக்கும்போது கொத்துக்கு 35, மிஞ்சினால் 40 காய்தான் விட வேண்டும். போன சீசனில் ஒரு தம்பி, "நல்ல காய்ண்ணா, வெட்ட மனசு வரல" என்று ஒரு வரிசை முழுக்க அறுபதுக்குக் குறையாமல் விட்டுவிட்டான். ஜூலை வரை கொத்து கொழுகொழுவென்று அழகாகத்தான் இருந்தது. ஒவ்வொரு காயும் 12 கிராமைத் தாண்டிப் பருக்கும் ரகம் இது. இடம் எங்கே இருக்கிறது? ஆகஸ்டில் நடுக்காய்கள் நசுங்கி வெடித்தன. சாறு வழிந்த இடமெல்லாம் பூஞ்சை. தப்பிய கொத்துகளிலும் இனிப்பு ஏறவில்லை. 18 பிரிக்ஸ் (இனிப்பின் அளவு) வரட்டும் என்று காத்திருந்தால் தோல் மஞ்சளித்துப் பழுப்புப் புள்ளி விழுந்தது. விலை பாதியாகிவிட்டது.

உள்நோக்கி வளரும் காயை முதலில் எடுங்கள். பிறகு சொத்தை, சிறுத்தது, வடுப்பட்டது. உச்சியில் மேல்நோக்கிய காய்களை வெட்டாமல் விடுங்கள், அவை பருத்துக் காம்பை மூடிக்கொள்ளும். வெட்டி முடித்ததும் கொத்து மூளியாகத் தெரிய வேண்டும். தெரியவில்லையா, இன்னும் வெட்டுங்கள்.

ஜிப்ரலிக் அமிலத்தைத் தேதி பார்த்துக் கொடுப்பது

இந்த ரகத்துக்கு இயல்பில் விதை உண்டு. கொத்து முழுதும் பூத்த மூன்று நாளுக்குள் அதை வளர்ச்சி ஊக்கியான இந்த அமிலத்தின் 25 பிபிஎம் (பத்து லட்சத்தில் 25 பங்கு) கரைசலில் முக்கி, 10 முதல் 15 நாள் கழித்து மறுபடி முக்குவதால்தான் விதையில்லாமல் பருக்கிறது. ஒரே கொடியில் எல்லாக் கொத்தும் ஒன்றாகப் பூக்காது. பூத்ததை மட்டும் முக்கி, அடையாளம் வையுங்கள்.

காயைத் தொடுவது

காம்பைப் பிடியுங்கள். காய்மேல் இருக்கும் வெண்படலம் அழிந்தால் திரும்பாது.

மேல்காயைச் சுவைத்துப் பறிப்பது

கொத்தில் மேல்காய்தான் முதலில் இனிக்கும். அடிக்காயின் இனிப்பை அளந்து பாருங்கள்.

கவாத்துக் குச்சியை நண்பருக்குக் கொடுப்பது

ஹிரோஷிமாவின் அகிட்சு ஆராய்ச்சி நிலையத்தில் 1988-இல் இரண்டு ரகங்களைக் கலப்பினம் செய்து, 2006-இல் பதிவான ரகம் இது. வெளிநாடுகளில் உரிய காலத்துக்குள் பதியாததால் சீனாவிலும் கொரியாவிலும் உரிமைத்தொகை இல்லாமலே விளைகிறது. ஜப்பானில், புதுக் கொடியாக்கக்கூடிய இந்தக் குச்சி அனுமதியின்றிக் கைமாறினால் அது சட்டப்படி குற்றம். வெட்டிய குச்சிகளை அன்றைக்கே தூளாக்கிவிடுங்கள்.