எதிர்மின்னி எதிர்ப்பொருள் அல்ல

எலக்ட்ரானுக்குத் தமிழில் எதிர்மின்னி என்றும் ஒரு பெயர் உண்டு. அதைப் படித்த மாணவர், வேறொரு பாடத்தில் எதிர்ப்பொருள் (ஆன்ட்டிமேட்டர்) என்ற சொல்லைப் பார்த்ததும் இரண்டையும் முடிச்சுப் போட்டுவிடுகிறார். இது மாணவரின் தவறு என்று எனக்குத் தோன்றவில்லை. 'எதிர்' என்ற ஒரே சொல்லை நாம் இரண்டு வேலைக்கு வைத்திருக்கிறோம்.

எதிர்மின்னியில் உள்ள 'எதிர்' மின்னூட்டத்தின் குறியைச் சொல்கிறது, அதாவது நெகட்டிவ். எதிர்ப்பொருளில் உள்ள 'எதிர்' ஆன்ட்டி. சாதாரணப் பொருளின் துகள் ஒவ்வொன்றுக்கும், அதே நிறையோடு, மின்னூட்டம் போன்ற பண்புகள் மட்டும் தலைகீழாக இருக்கும் ஓர் எதிர்த்துகள் உண்டு. அந்த எதிர்த்துகள்களால் ஆனதுதான் எதிர்ப்பொருள். எலக்ட்ரான் சாதாரணப் பொருள்தான், நம் உடம்பிலும் வீட்டு மின்கம்பியிலும் இருப்பது. அதன் எதிர்த்துகள் பாசிட்ரான். அதற்கோ நேர் மின்னூட்டம்! புரோட்டானின் எதிர்த்துகளான எதிர்ப்புரோட்டானுக்கு எதிர் மின்னூட்டம். இப்படி எழுதினால் யாருக்குத்தான் தலை சுற்றாது? அதனால் எதிர்ப்பொருளைப் பற்றி எழுதும்போது எதிர்மின்னி என்ற சொல்லைத் தவிர்த்து, எலக்ட்ரான் என்றே எழுதிவிடுவது நல்லது. இலங்கையில் 'மறை ஏற்றம்' என்று எழுதும் வழக்கம் இருக்கிறது. அதில் இந்தச் சிக்கலே வராது, எனக்கு அது பிடித்திருக்கிறது.

அடுத்த குழப்பம், எதிர்த்துகள் என்றால் மின்னூட்டம் மாறிய துகள், அவ்வளவுதான் என்று எழுதுவது. இந்த எண்ணத்துக்குக் காரணம் வரலாற்றிலேயே இருக்கிறது. இயற்பியலாளர் பால் டிராக் எலக்ட்ரானுக்காக 1928-இல் எழுதிய சமன்பாடு எதிர்த்துகளுக்கு வழி திறந்தது. 1932-இல் கார்ல் ஆண்டர்சன், துகள் போகும் பாதையை ஆவியில் கோடாகக் காட்டும் மேகக் கலம் என்ற கருவியில் பாசிட்ரானின் தடத்தைப் படமெடுத்தார். நடுவில் வைத்த ஈயத் தகட்டைக் கடந்ததும் துகள் வேகம் குறைந்து, காந்தப்புலத்தில் இன்னும் அதிகமாக வளைந்தது. எந்தப் பக்கமிருந்து வந்தது என்பது அதில் தெரிந்துபோனது. வளைந்த திசை நேர் மின்னூட்டத்தைக் காட்டியது. புரோட்டானாக இருக்க முடியாத அளவுக்கு அது லேசான துகள். ஆக, முதல் எதிர்த்துகளைக் காட்டிக்கொடுத்தது மின்னூட்டம்தான்.

ஆனால் நியூட்ரானுக்கு மின்னூட்டமே இல்லை. அதற்கும் எதிர்த்துகள் உண்டு, 1956-இல் பெர்க்லியில் கண்டுபிடித்தார்கள். நியூட்ரானுக்குள் குவார்க் என்ற இன்னும் சிறிய துகள்கள் இருக்கின்றன: 'அப்' வகையில் ஒன்று, 'டவுன்' வகையில் இரண்டு. எதிர்நியூட்ரானில் அவற்றின் எதிர்குவார்க்குகள். ஒளித்துகளான ஃபோட்டானுக்கோ தனி எதிர்த்துகள் கிடையாது, அதுவே அதன் எதிர்த்துகள்.

'எதிர்' என்பதை நிறைக்கும் நீட்டி, எதிர்ப்பொருள் மேல்நோக்கி விழும் என்று எழுதுகிறவர்களும் இருக்கிறார்கள். துகளுக்கும் எதிர்த்துகளுக்கும் நிறை ஒன்றுதான். ஜெனீவா அருகே உள்ள செர்ன் ஆய்வகத்தில் ஆல்ஃபா என்ற ஆய்வுக் குழுவினர், எதிர்ப்புரோட்டானும் பாசிட்ரானும் சேர்ந்த எதிர்ஹைட்ரஜன் அணுக்களை விடுவித்துப் பார்த்தார்கள். அவை கீழேதான் விழுந்தன என்று 2023-இல் அறிவித்தார்கள். அப்புறம், கரும்பொருள் (டார்க் மேட்டர்) வேறு, எதிர்ப்பொருள் வேறு. கரும்பொருள் என்னவென்றே இன்னும் தெரியாது, எதிர்ப்பொருளை ஆய்வகத்தில் செய்கிறார்கள்.

கடைசியாக, 'இணை அழிவு' என்ற சொல். துகளும் எதிர்த்துகளும் சந்தித்தால் இரண்டும் அழிந்து ஒன்றுமில்லாமல் போய்விடும் என்று இதற்குப் பொருள் கொள்கிறார்கள். போவதில்லை, அவற்றின் நிறை வேறு வடிவில் ஆற்றலாக வெளிவருகிறது. மருத்துவமனையில் எடுக்கும் பெட் ஸ்கேன் இதை வைத்துத்தான் வேலை செய்கிறது. நோயாளிக்கு ஊசி வழியாக ஃபுளூரின்-18 என்ற கதிரியக்க அணு சேர்த்த, குளுக்கோஸ் போன்ற மருந்தைச் செலுத்துகிறார்கள். அதிலிருந்து வரும் பாசிட்ரான் சில மில்லிமீட்டர் தூரத்துக்குள் ஓர் எலக்ட்ரானைச் சந்திக்கிறது. இரண்டும் மறைந்த இடத்திலிருந்து, தலா 511 கிலோ எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலோடு இரண்டு காமாக் கதிர்கள் ஏறக்குறைய நேரெதிர்த் திசைகளில் கிளம்புகின்றன. நோயாளியைச் சுற்றியிருக்கும் உணர்கருவி வளையம் அந்த இரண்டையும் பிடித்துத்தான் படத்தை வரைகிறது.